நான்காம் நாள்

(வெளிநாட்டில் குடும்பங்களோடு தங்கிப் படிக்கச் செல்லும் மாணவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் ஆற்றிய உரை)



விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம் ஊரில் சொல்வார்கள். வந்தவரைக் கிளப்புவதற்காகச் சொன்ன பேச்சு என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் வீட்டுக்காரரின் கஷ்டம்தான் தெரிகிறது. மூன்று நாள் வரைக்கும் ஒரு குடும்பம் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டு தாக்குப்பிடிக்கும். தினம் ஒரு பாயசம் வைக்கலாம், டிவி சத்தத்தைக் குறைத்து வைக்கலாம், வந்தவர் முன்னால் பிள்ளைகளைத் திட்டாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கலாம். நான்காம் நாள் அந்த வீடு பழையபடி ஆகித்தான் தீரவேண்டும். அந்த நான்காம் நாளைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகளில் சிலர் இன்னும் கொஞ்ச நாளில் முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தோடு போய் இருக்கப் போகிறீர்கள். சிலர் சில மாதங்கள், சிலர் ஒரு முழு வருடம். புறப்படுவதற்கு முன் என்னிடம் வரும் கேள்விகளெல்லாம் எனக்கு மனப்பாடம். அம்மா சாப்பாட்டைப் பற்றிக் கேட்பார். அப்பா ஆஸ்பத்திரி, இன்சூரன்ஸ் பற்றிக் கேட்பார். பையன் வைஃபை பற்றிக் கேட்பான். "அந்த வீட்டில் நான் என்ன வேலை செய்யணும்?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால், முதலில் கேட்கவேண்டியதே அதுதான். எவ்வளவு தாங்கினாலும் அடுத்தவர் வீடு அடுத்தவர் வீடாகவேதான் இருக்கும். அந்த வீட்டு வேலையில் நமக்கென்று ஒரு பங்கு விழும்போது, நம்மேல் கோபப்படவும் அவர்களுக்கு உரிமை வரும்போதுதான் அங்கே கால் பாவும். என் கட்சி இவ்வளவுதான்.

நான் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுப்பவன். ஆகையால் எனக்குத் தெரிந்த ஊரிலிருந்தே பேசுகிறேன். ஜப்பான் கடலை ஒட்டி இஷிகாவா என்றொரு மாகாணம், அதன் தலைநகர் கனசவா. அன்னிய மாணவரை வீட்டில் வைத்துக்கொள்வது அந்தப் பக்கத்து மக்களுக்குப் பழகிப்போன விஷயம். 1988-இல் அங்கே 'ஜப்பான் டென்ட்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஜப்பானில் பல ஊர்ப் பல்கலைக்கழகங்களில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களைக் கோடை விடுமுறையில் வரவழைத்து, மாகாணத்துக் குடும்பங்களில் தங்கவைக்கிற ஏற்பாடு. அது சில நாள் விருந்து. அங்கே ஒரு குடும்பத்தோடு நான் தங்கியிருந்தது அதைவிட நீளம். குளிர்காலத்தையும் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

குளியலறையிலிருந்து ஆரம்பிக்கலாம். ஜப்பானிய வீட்டில் 'ஒஃபுரோ' என்று ஆழமான தொட்டி இருக்கும். அதற்குள் இறங்கிச் சோப்புத் தேய்க்கக் கூடாது. தொட்டிக்கு வெளியே நம் மணை மாதிரி தாழ்வான ஸ்டூல் ஒன்று கிடக்கும். அதில் உட்கார்ந்து உடம்பு தேய்த்து, தலை அலசி, ஒரு பொட்டு நுரைகூட இல்லாமல் கழுவிக்கொண்ட பிறகுதான் தொட்டிக்குள் கால் வைக்க வேண்டும். உள்ளே 40, 42 டிகிரி சூட்டில் கழுத்து வரைக்கும் வெந்நீர். ஊறி முடித்து எழுந்ததும் தண்ணீரைத் திறந்துவிடக் கூடாது. மூடியைப் போட்டு மூடிவிட்டு வரவேண்டும். அதே தண்ணீரில் அடுத்தவர் இறங்குவார். வீட்டில் ஐந்து பேர் என்றால் ஐந்து பேருக்கும் அதுதான். மறுநாள் காலையில் மிச்சத் தண்ணீரைச் சின்ன பம்பு வைத்து வாஷிங் மெஷினுக்கு ஏற்றிவிடும் வீடுகளும் உண்டு. அம்மாமார்கள் முகம் போகிற போக்கு மேடையிலிருந்தே தெரிகிறது. பயப்படாதீர்கள், தேய்த்துக் குளித்த உடம்போடுதான் எல்லோரும் இறங்குகிறார்கள். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்ற ஊர்க்காரர்கள் நாம், இதைப் பார்த்து மூக்கைப் பிடிக்கக் கூடாது.

அந்தத் தொட்டியில் இறங்க ஒரு முறை உண்டு. விருந்தாளி வந்தால் முதல் தண்ணீர் அவருக்கு. நான் போன புதிதில் தினமும் அந்த மரியாதை எனக்குத்தான். ராத்திரி சாப்பாடு ஆனதும் அந்த வீட்டு அம்மா வந்து கதவைத் தட்டிச் சொல்வார். அவரை நானும் அந்த வீட்டுப் பையன் கூப்பிடுகிற மாதிரி 'ஒகாசான்' என்றுதான் கூப்பிட்டேன், அம்மா என்று. நான் வெந்நீரில் சுகமாகக் கிடக்கும் நேரமெல்லாம் வெளியே ஒரு குடும்பமே காத்துக்கொண்டிருக்கும். விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டிய தாத்தா துண்டை மடியில் வைத்துக்கொண்டு கொட்டாவி விடுவார். பையன் பாடப் புத்தகத்தின் மேலேயே தூங்கி விழுவான். ஒரு நாள் தாத்தா எழுந்து முதலில் போனார். அடுத்து பையன் போனான். "அவனுக்கப்புறம் நீ போ" என்று ஒகாசான் சொன்னார். துணி மடித்துக்கொண்டிருந்தவர், தலை நிமிரக்கூட இல்லை. முதலிடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்கு இறங்கினேன். அதுவரைக்கும் வழக்கத்துக்கு வெளியே உட்காரவைத்திருந்த ஒருத்தனை அன்றைக்கு வழக்கத்துக்குள் இழுத்துவிட்டார்கள். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதையாக நான் நினைப்பது அதைத்தான்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். சைவக்காரர்கள் இங்கே கொஞ்சம் காது கொடுக்க வேண்டும். ஜப்பானிய சமையலுக்கு அடிப்படை 'தாஷி' என்கிற சாறு. சூரை வகை மீனை வேகவைத்து, புகைபோட்டு, கட்டை மாதிரி காயவைத்து, அதைச் சீவி வெந்நீரில் போட்டு எடுப்பார்கள். மிசோ சூப்பில் அது இருக்கும். முள்ளங்கி வேகவைத்தால் அதில் இருக்கும். கீரையின் மேல் ஊற்றுகிற சாறிலும் இருக்கும். "காய்கறி மட்டும்தான்" என்று சொல்லி அன்போடு பரிமாறுவார்கள், அவர்களைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. "நான் சைவம்" என்பதோடு நிறுத்தினால் போதாது. மீன் சாறும் வேண்டாம் என்று போவதற்கு முன்பே எழுதிக்கொடுக்க வேண்டும். வழியில்லாமல் இல்லை. கடற்பாசியிலும் உலர்ந்த ஷிடாகே காளானிலும் சாறு எடுப்பது புத்த மடத்துச் சமையலில் காலங்காலமாக உள்ள முறை. சொன்னால் செய்வார்கள். நம் பிள்ளைகள் சொல்வதில்லை, அதுதான் சங்கடம். என்ன வேண்டும் என்று கேட்டால் "எதுவானாலும் பரவாயில்லைங்க" என்பது நமக்கு நல்ல வளர்ப்பு. சமைக்கிற அம்மாவுக்கு அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றே தெரியாது. தட்டில் பாதி மிச்சம் வைத்துவிட்டு, ராத்திரி அறைக்குப் போய்ப் பெட்டியிலிருந்து ஊறுகாயையும் முறுக்கையும் எடுத்துத் தின்கிற பிள்ளையைப் பற்றி அங்கிருக்கும் ஒருங்கிணைப்பாளர்கள் என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்கள். அறையில் முறுக்குத் தூள் சிந்தினால் மறுநாள் கண்டுபிடித்துவிடுவார்கள். வருத்தப்படுவார்கள், வாய்திறந்து சொல்லமாட்டார்கள்.

எனக்கு அந்த வீட்டில் வந்த முதல் வேலை குப்பை. இங்கே ஒரு கவரில் போட்டுக் கட்டி வைத்துவிடுகிறோம். அங்கே எரிகிற குப்பைக்கு ஒரு கிழமை, எரியாததற்கு வேறொரு நாள், பிளாஸ்டிக் பாட்டிலுக்கு இன்னொரு நாள். பாட்டிலின் மூடியைத் தனியாகக் கழற்றி, ஒட்டியிருக்கும் லேபிளை உரித்து, உள்ளே அலசிவிட்டுத்தான் போட வேண்டும். காலையில் குறித்த நேரத்துக்குள் தெருமுனைக்குக் கொண்டுபோய், காக்கை கிளறாமல் இருக்கப் போட்டிருக்கும் வலையைத் தூக்கி, அதற்கடியில் தள்ளிவிட்டு வரவேண்டும். இந்தக் காக்கைத் தொல்லை மட்டும் எனக்குச் சொந்த ஊரை ஞாபகப்படுத்தியது. அந்த வலைக்குப் பக்கத்தில்தான் தெருக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள். எதிர்வீட்டுப் பாட்டி, நான் எந்த நாட்டுக்காரன், எத்தனை வயது, அந்த வீட்டில் எத்தனை நாள் இருப்பேன் என்று எல்லாவற்றையும் அங்கேயே நிறுத்திவைத்து விசாரித்தார். பிறகு குளிர்காலம் வந்தது. அந்தப் பக்கத்துப் பனி ஈரப்பனி, மண்வெட்டியில் அள்ளினால் கை ஒடியும் கனம். பெரிய சாலைகளில் தரையில் குழாய் பதித்து நிலத்தடி நீரைப் பீய்ச்சிப் பனியைக் கரைத்துவிடுகிறார்கள். சந்துகளுக்கு அந்த வசதி இல்லை. விடியும்போதே வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு வெளியே வந்து அவரவர் வாசலை வெட்டி வழிவிட வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து நான்தான் வெளியே போவேன். பாருங்கள், எங்கள் வீடு என்று வாயில் தானாக வருகிறது.

இப்போது லண்டனுக்குப் போவோம். நான் சொல்வதற்கு இரண்டு பெரிய சாட்சிகள் அங்கே இருக்கிறார்கள்.

முதல் ஆள் நட்சுமே சோசெகி. ஜப்பானின் நவீன நாவலுக்கு மூலவர்களில் ஒருவர், ஆயிரம் யென் நோட்டில் நெடுநாள் இருந்த முகம். 1900-இல் ஜப்பான் அரசு அவரை ஆங்கிலம் படிக்க லண்டனுக்கு அனுப்பியது. இரண்டு வருடத்தில் ஐந்து இடம் மாறினார். எல்லாம் பணம் கட்டித் தங்கும் வீடுகள். கிடைத்த உதவித்தொகையில் வயிற்றைச் சுருக்கிப் புத்தகம் வாங்கினார். அறையைச் சாத்திக்கொண்டு அவற்றைப் படித்தார். தன் வாழ்நாளிலேயே கசப்பான காலம் அதுதான் என்று பின்னால் எழுதினார். அவருக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று ஜப்பானுக்குச் செய்தி போகிற அளவுக்கு நிலைமை முற்றியது. கடைசியாக அவர் இருந்தது கிளாப்பம் பகுதியில் ஒரு வீடு. அந்த வீட்டுக்கார அம்மா, இவர் இப்படி அறைக்குள்ளேயே அடைந்து கிடப்பதைப் பார்க்கச் சகிக்காமல், போய் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள் என்று உத்தரவு போட்டார். விழுந்து எழுந்து அடிபட்டுச் சைக்கிள் கற்ற கூத்தை அவர் ஊர் திரும்பியபின் தன்னையே கிண்டல் செய்துகொண்டு எழுதினார். அந்த லண்டன் வாசத்தில் அவரைச் சிரிக்கவைத்த சமாசாரங்கள் அதிகம் இல்லை. ஒன்று கிடைத்தது, அதுவும் ஒரு வீட்டுக்கார அம்மாவின் அதட்டலால் கிடைத்தது. சைக்கிள் அவரைக் குணப்படுத்திவிட்டது என்று சொல்லவரவில்லை. அப்படி ஒரு அதட்டல் முதல் வீட்டிலேயே விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மட்டும் யோசித்துப் பார்ப்பேன்.

இன்னொருவர் தாகூர். 1878-இல், 17 வயதில், இங்கிலாந்துக்குப் படிக்கப் போனவர், லண்டனில் டாக்டர் ஸ்காட் என்பவர் குடும்பத்தோடு தங்கினார். இந்தியன் ஒருவன் வீட்டுக்கு வருகிறான் என்று கேள்விப்பட்டதுமே அந்த வீட்டின் இளைய பெண்கள் இருவர் பயந்துபோய் உறவினர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். வந்தவன் சாது என்று தகவல் போன பிறகுதான் திரும்பினார்கள். அப்புறம் என்ன, சீக்கிரமே ஒட்டிக்கொண்டார்கள். 'ஜீவன்ஸ்மிருதி' என்ற நினைவு நூலில் தாகூரே இதையெல்லாம் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்து லண்டன் வீடுகளில் ஆவிகளோடு பேசுகிற விளையாட்டு ஒரு பைத்தியமாக இருந்தது. மேசைமேல் விரல்களை வைத்தால் மேசை ஆடும், நகரும். தாகூரும் அந்தப் பெண்களும் அப்படி வீட்டில் இருந்த சாமான்களையெல்லாம் ஆட்டிவைத்தார்கள். திருமதி ஸ்காட்டுக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் பொறுத்துக்கொண்டார். ஒரு நாள் டாக்டரின் உயரத் தொப்பியை எடுத்து அதன்மேல் கை வைத்தார்கள். அந்த அம்மா பதறி ஓடிவந்து தடுத்துவிட்டார். தன் கணவர் தலையில் வைக்கிற தொப்பியில் சாத்தானுக்கு ஒரு நொடிகூட இடம் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

இதை நான் பல தடவை படித்திருக்கிறேன். பதிவிரதை என்பவள் நம் நாட்டில் மட்டும்தான் என்று நினைத்துப் போன பையனுக்கு அந்த அம்மா ஒரு பாடமானார். அதைத் தாகூரே சொல்கிறார். எனக்குப் பட்டது வேறு. அது ஒரு விருந்தாளிமேல் விழுகிற அதட்டலா? தன் பெண்களைத் தடுத்த அதே வேகத்தில் அந்த இந்தியப் பையனையும் தடுத்தார். தாகூர் கிளம்பும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுததும் அதே அம்மாதான். 1890-இல் மறுபடி லண்டன் போனபோது தாகூர் அந்த வீட்டைத் தேடிப் போய்ப் பார்த்தார். அவர்கள் வீடு மாறிப் போயிருந்தார்கள்.

ஒரு வீட்டுக்குள் இருந்தால்தான் ஒட்டும் என்ற இந்த விஷயத்தை இன்றைக்கு இருக்கும் பரிமாற்றத் திட்டங்கள் சுற்றிவளைத்துத்தான் கண்டுபிடித்தன. 1932-இல் டொனால்ட் வாட் என்ற அமெரிக்கர் தன் நாட்டு இளைஞர்களைச் சுவிட்சர்லாந்துக்கு அழைத்துப்போய், ஐரோப்பிய இளைஞர்களோடு ஒரே முகாமில் தங்கவைத்தார். பழகினால் நட்பு வரும் என்பது கணக்கு. ஆனால் வந்தவர்கள் மொழிக்கு ஒரு கும்பலாகப் பிரிந்து உட்கார்ந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு முகாமை விட்டுவிட்டு ஆளுக்கொரு வீட்டில் தங்கவைக்கிற முறைக்கு வந்தார். அந்தத் திட்டத்தில் ஜெர்மனிக்குப் போன ஒரு மாணவர்தான் பின்னால் 1961-இல் அமெரிக்க அமைதித் தொண்டர் படையின் முதல் தலைவரான சார்ஜென்ட் ஷ்ரைவர். ஏ.எஃப்.எஸ். என்று இன்று நம் பள்ளிகளில் அறியப்பட்ட அமைப்பும் அப்படித்தான். முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் ஓட்டிய தொண்டர்களின் சங்கம் அது. இரண்டு போர்களிலும் அடிபட்டவர்களைத் தூக்கிச் சுமந்தவர்கள், 1947-இல் பள்ளிப் பிள்ளைகளைக் குடும்பங்களில் தங்கவைக்கத் தொடங்கினார்கள். முகாமில் எல்லாமே தயாராக இருக்கும், தட்டு எடுத்து வை என்று யாரும் சொல்லமாட்டார்கள். வீட்டில் சொல்வார்கள். வித்தியாசம் அங்கேதான்.

"அப்படியென்றால் என் பிள்ளையை வேலைக்காரனாக வைத்துக்கொள்வார்களா?" என்று யாராவது கேட்க நினைத்தால், நியாயமான கேள்வி. வீட்டுவேலையே முக்கியமான ஏற்பாடு ஒன்று தனியாக இருக்கிறது. ஓ-பேர் என்பார்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு ஒரு குடும்பத்தோடு தங்குவது. அதற்கு ஐரோப்பிய நாடுகள் 1969-இலேயே ஓர் உடன்பாடு எழுதின. ஜெர்மனியில் வாரத்துக்கு 30 மணி நேரத்துக்குமேல் வேலை வாங்கக் கூடாது. கைச்செலவுக்குப் பணமும் கொடுக்க வேண்டும். பள்ளி மாணவருக்கு அந்தக் கணக்கே கிடையாது. அவர்களுக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிது. அந்த வீட்டுப் பிள்ளை, உன் வயதுக்காரன், அதே வேலையைச் செய்கிறானா? செய்கிறான் என்றால் நீயும் செய். அவன் சோபாவில் கிடக்க உன்னை மட்டும் பாத்திரம் தேய்க்கச் சொன்னால் ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிடு.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் பரிமாற்ற விசாவில் பள்ளி மாணவரை ஏற்கும் குடும்பத்துக்குச் சம்பளம் தரக் கூடாது என்பது அரசு விதி. கனடா, ஆஸ்திரேலியா மாதிரி நாடுகளில் மாதாமாதம் பணம் கட்டித் தங்குவது சாதாரணம். பணம் வாங்கினால் பாசம் இருக்காது என்று நான் சொல்லமாட்டேன், அது வீட்டுக்கு வீடு மாறும்.

ஒட்டவே ஒட்டாத வீடுகளும் உண்டு. பெற்றோர்கள் தயவுசெய்து இதைக் கவனிக்க வேண்டும். பிள்ளை போனில் அழுதால் நம் வாயில் முதலில் வருவது "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோப்பா" என்பதுதான். சாப்பாட்டுக்கும் குளிருக்கும் அதைச் சொல்லுங்கள். வீட்டில் ஒருவரைக் கண்டால் பயமாக இருக்கிறது, அறைக் கதவைத் தாழ்போட முடியவில்லை, யாரோ தொட்டுத் தொட்டுப் பேசுகிறார்கள் என்று பிள்ளை சொன்னால் அந்த வார்த்தையை எடுக்கவே கூடாது. அன்றைக்கே ஒருங்கிணைப்பாளருக்குப் போன் போக வேண்டும், வீடு மாற்ற வேண்டும். சும்மா ஒத்துப்போகாத வீடு என்றாலும் கேட்டு மாறிக்கொள்ளலாம், அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

போனை எடுத்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன். தினமும் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் வீடியோ காலில் பிள்ளையைக் கூப்பிடாதீர்கள். அந்தக் குடும்பம் ஒன்றாக உட்காருவதே அந்த ஒரு வேளைதான். அந்த நேரத்தில் பிள்ளை அறைக்குள் நம்மோடு பேசிக்கொண்டிருந்தால், அங்கே மேசையில் அவன் நாற்காலி காலியாக இருக்கும். வாரத்துக்கு இரண்டு முறை கூப்பிட்டால் போதும். மிச்ச நாளில் பிள்ளைக்காக நீங்கள் ஏங்கினால் பரவாயில்லை. பிள்ளை ஏங்கினாலும் பரவாயில்லை.

இன்னொன்றைப் பட்டென்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அங்கே அதிகம் திண்டாடுவது நம் பெண்பிள்ளைகள் இல்லை, பையன்கள்தான். பன்னிரண்டாம் வகுப்பு வரை குடித்த டம்ளரை வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு எழுந்துபோகப் பழகியிருக்கிறான். படிக்கிற பிள்ளை, விடு என்று அம்மாவும் எடுத்து வைத்திருக்கிறார். அப்படியே கிளம்பிப் போனால், முதல் வாரத்திலேயே அந்த வீட்டில் முணுமுணுப்பு ஆரம்பித்துவிடும். விமானத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. இன்றைக்குச் சாயங்காலத்திலிருந்தே தொடங்கலாம்: சொந்தத் தட்டைக் கழுவுவது, படுக்கையை மடிப்பது, சோறு வடிப்பது, ஒரு ரசம். அந்த ரசம் அங்கே எந்தப் பட்டுப்புடவைப் பரிசையும்விட அதிகம் பேசும். ரசப்பொடியை மட்டும் நன்றாகச் சீல் பண்ணி, பைக்குள் பை வைத்துக் கட்டிக்கொண்டு போங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இது பெற்றோருக்கு. உங்கள் பிள்ளைக்காக ஒரு வீடு கதவைத் திறக்கிறது. அதே மாதிரி இங்கேயும் வெளிநாட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள், தங்குவதற்குக் குடும்பம் கிடைப்பதுதான் பெரும்பாடு. வரவேற்பு மேசையில் அதற்கான படிவம் வைத்திருக்கிறோம், எடுத்துக்கொள்ளுங்கள். ஏசி போட்ட அறை இல்லையே, மேற்கத்திய டாய்லெட் இல்லையே என்று தயங்க வேண்டாம். தங்கவைக்கிறபோது, வந்த பிள்ளைக்கு மூன்று நாள் வாழையிலை போடுங்கள், வடை பாயசம் செய்யுங்கள். அதன்பிறகு எவர்சில்வர் தட்டைக் கொடுத்து, தேய்க்கிற இடத்தையும் காட்டிவிடுங்கள். கொத்தமல்லி வாங்கிவரக் கடைக்கு அனுப்புங்கள். அந்தப் பிள்ளை கறிவேப்பிலைக்குக் காசு கொடுத்து ஏமாந்து வந்தால், கொசுறு கேட்டு வாங்கத் தெரியாதா என்று உங்கள் பிள்ளையைக் கேட்பது போலவே கேளுங்கள்.

படிவத்தில் தொலைபேசி எண்ணை மறக்காமல் எழுதுங்கள். போன முறை பாதிப் பேர் எழுதவில்லை.